'23 ஸ்கிடூ' அஞ்சலட்டைகள்: இதில் அப்படி என்ன சிரிப்பு?

பழுப்பு_மூலை

எல்லோருக்கும் வணக்கம். 1906, 1907 வாக்கில் அமெரிக்காவில் அச்சான நகைச்சுவைப் பட அஞ்சலட்டைகள் ஒரு கட்டு கைக்கு வந்திருக்கிறது. புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே வசனம்: '23 ஸ்கிடூ'. சிலவற்றில் வெறும் 'ஸ்கிடூ', சிலவற்றில் 23 என்ற எண் மட்டும்.

ஒரு அட்டையில் காதலி வீட்டு வாசற்படியில் ஓர் இளைஞன், கையில் பூங்கொத்து. கதவு இடுக்கிலிருந்து ஒரு பெரிய பூட்ஸ் கால் மட்டும் நீண்டு அவன் பின்புறத்தில் விழுகிறது. பூக்கள் நாலாபுறமும் பறக்கின்றன. நிலா இருக்க வேண்டிய இடத்தில் 23. அடுத்ததில் ஒரு புல்டாக் நாய், அதன் வாயில் கிழிந்த கால்சட்டைத் துணி. வேறொன்று காகிதமே இல்லை, தோல். எழுத்தையும் படத்தையும் சூடு வைத்துப் பதித்திருக்கிறார்கள்.

பொருள் தெரியும். 'கிளம்பு, இடத்தைக் காலி பண்ணு' என்பதுதான். என் சந்தேகம் வேறு. காசு கொடுத்து அட்டை வாங்கி, ஸ்டாம்ப் ஒட்டி, தெரிந்தவருக்கே 'போடா வெளியே' என்று அனுப்புவார்களா? யார் யாருக்கு அனுப்பினார்கள்? அது என்ன 23? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோடு_எக்ஸ்பிரஸ்

இதென்ன பெரிய புதிர்! அந்தக் காலத்து வடிவேலு மீம், அவ்வளவுதான். ஒருத்தன் மொக்கை போட்டால் நாம் ஒரு படத்தைத் தூக்கி குரூப்பில் போடுகிறோம் இல்லையா? யாராவது கோபித்துக்கொள்கிறார்களா? நெருக்கமானவனைத்தான் இப்படிக் கலாய்க்க முடியும். ஆகாதவனுக்கு எவன் ஸ்டாம்ப் ஒட்டுவான்?

தபால்_தாத்தா

ஈரோட்டுத் தம்பி சொல்வது பாதி சரி. மீதிப் பாதி தபால் இலாகாவின் விதியில் இருக்கிறது. அது தெரியாமல் இந்த அட்டைகளைப் பார்த்தால் படம் மட்டும்தான் கண்ணில் படும்.

அமெரிக்க அரசாங்கம் தன் சொந்த அஞ்சலட்டையை 1873இல் கொண்டுவந்தது. விலையும் தபால் கூலியும் சேர்த்து ஒரு சென்ட். தனியார் அச்சடித்த அட்டை என்றால் கடிதத்துக்கு உள்ள இரண்டு சென்ட் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். 1898 மே 19ஆம் தேதிச் சட்டம் தனியார் அட்டைக்கும் ஒரு சென்ட் போதும் என்றது. அங்கிருந்துதான் படம் போட்ட அட்டைகளின் காலம் ஆரம்பிக்கிறது.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அட்டையின் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும். அதில் வேறு ஒரு வார்த்தை எழுதக் கூடாது. சேதி சொல்ல வேண்டுமானால் படம் உள்ள பக்கத்தில்தான் எழுத வேண்டும். படத்துக்குக் கீழே விரலகலம் வெள்ளை விட்டிருப்பார்கள், அதற்குள் அடக்க வேண்டியதுதான். பிரிட்டன் 1902லேயே முகவரிப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப் பக்கத்தில் சேதி எழுத விட்டுவிட்டது. பிரான்ஸ் 1904, ஜெர்மனி 1905. அமெரிக்கா 1907 மார்ச் 1ஆம் தேதிதான் இறங்கி வந்தது.

இப்போது பழுப்பு_மூலை சாரின் கட்டைப் பாருங்கள். 1906 என்கிறார். '23 ஸ்கிடூ' நாடு முழுக்க நாக்கில் புரண்டதும் அந்த ஆண்டுதான். எழுத இடமில்லாத அட்டை, எல்லோருக்கும் தெரிந்த ஒரு வசனம். அச்சுக்காரன் இரண்டையும் சேர்த்துவிட்டான். வாங்குகிறவர் எதையும் யோசித்து எழுத வேண்டாம். அட்டையே பேசிவிடும், கீழே பெயரின் முதலெழுத்தைப் போட்டால் வேலை முடிந்தது. அந்தச் சிரிப்பில் தபால் இலாகாவின் கஞ்சத்தனத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

உங்கள் அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கோடு இருக்கிறதா?

பழுப்பு_மூலை

பார்த்தேன் சார். பூட்ஸ் கால் அட்டையில் கோடு இல்லை. நாய் அட்டையில் இருக்கிறது. இரண்டிலும் பச்சை நிற ஒரு சென்ட் ஸ்டாம்பு, வழுக்கைத் தலை ஆசாமி.

தபால்_தாத்தா

அந்த ஆசாமி பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்காவின் முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். அவரை மரியாதையாகப் பேசவும்.

ஹட்சன்_கரை

நியூயார்க் பக்கம் இருப்பவன் என்ற முறையில் 23க்கு விடை என்னிடம் இருக்கிறது. மன்ஹாட்டனில் பிளாட்அயர்ன் கட்டடம் கேள்விப்பட்டிருப்பீர்கள். டேனியல் பர்னம் வடிவமைத்து 1902இல் கட்டி முடித்தது. பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் முக்கோணமாக, சுமார் 285 அடி உயரத்தில் நிற்கும். அதன் கூர்முனை பார்ப்பது 23ஆம் தெருவை. அந்த முனையில் காற்று சுழன்று அடிக்கும், இன்றைக்கும்தான். அந்தக் காலத்துப் பெண்களின் தரை தொடும் பாவாடை கணுக்காலுக்கு மேலே பறக்குமாம். அதைப் பார்க்கவே மூலையில் ஒரு கூட்டம் நிற்குமாம். போலீஸ்காரர் தடியை ஆட்டி அவர்களை விரட்டுவார். 23ஆம் தெருவை விட்டு ஓடு என்பதுதான் '23 ஸ்கிடூ'.

இதை வைத்தே தனியாக அஞ்சலட்டைகள் வந்திருக்கின்றன. கட்டடம் பின்னால், முன்னால் தொப்பியைப் பிடிப்பதா பாவாடையைப் பிடிப்பதா என்று திண்டாடும் பெண்கள், ஓரத்தில் பல்லிளிக்கும் ஆண்கள். பழுப்பு_மூலை அவர்களே, உங்கள் கட்டில் இருக்கிறதா?

மறுப்புரை

ஹட்சன்_கரை, கதை நன்றாகத்தான் இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகளும் விடாமல் சொல்கிறார்கள். ஆண்டு உதைக்கிறதே.

கட்டடம் முடிந்தது 1902. '23' என்றால் 'கிளம்பு' என்ற பேச்சு 1899லேயே அமெரிக்கச் செய்தித்தாளில் பதிவாகிவிட்டது. அப்போது அந்த இடத்தில் முக்கோணக் கட்டடமும் இல்லை, அது கிளப்பிய காற்றும் இல்லை. 'ஸ்கிடூ' பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு சுவையான விஷயம், எடிசன் கம்பெனி 1901இல் 23ஆம் தெருவில் ஒரு சின்னப் படம் எடுத்தது. நடைபாதையில் உள்ள இரும்புக் கம்பி வலை மேல் ஒரு பெண் நடக்கிறாள், கீழிருந்து வரும் காற்று பாவாடையைத் தூக்குகிறது. அவ்வளவுதான் படம். ஆக, அந்தத் தெருவுக்குப் பாவாடைப் புகழ் கட்டடத்துக்கு முன்பே வந்துவிட்டது. பிளாட்அயர்ன் அதை அள்ளிக்கொண்டு போனது.

23க்குச் சொல்லப்படும் மற்ற காரணங்களும் இதே ரகம். பந்தயத்தில் 23 குதிரைதான் ஓடலாம் என்பார்கள். தந்தி ஆபரேட்டர்களின் ரகசிய எண் என்பார்கள். சார்லஸ் டிக்கன்ஸின் 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' நாவலில் நாயகன் சிட்னி கார்டன் தலை வெட்டும் கில்லட்டினுக்குப் போகும்போது எண்ணிக்கை 23 என்று ஒரு கட்சி. அந்த எண்ணிக்கை நாவலில் இருப்பது உண்மை. அங்கிருந்துதான் தெருவுக்கு வந்தது என்று நிரூபிக்கத்தான் ஆளில்லை.

எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான். அட்டை வரைந்தவர்கள் இதையெல்லாம் பற்றிக் கவலையே படவில்லை. நிலாவில் 23, ரயில் பெட்டியில் 23, நாயின் கழுத்துப் பட்டையில் 23. எங்கிருந்து வந்தால் என்ன, எங்கே ஒட்டினாலும் சிரிப்பு வந்தது.

ஈரோடு_எக்ஸ்பிரஸ்

எண் ஆராய்ச்சியை இத்தோடு மூட்டை கட்டுங்கள் சாமி. இல்லையென்றால் யாராவது ஜோசியரைக் கூட்டி வந்துவிடுவார்கள். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று கேட்டாரே, அதைச் சொல்லுங்கள்.

மசிக்கறை

அதை நான் சொல்கிறேன். அட்டைகளில் படத்தை விட மக்கள் கிறுக்கியதைத்தான் நான் சேர்க்கிறேன். எழுதாத புது அட்டை என்றால் கொஞ்சம் கூடுதல் விலை கேட்பார்கள், எனக்கு அது வேண்டாம். எழுதிக் கசங்கிய அட்டைதான் வேண்டும்.

என்னிடம் உள்ள ஸ்கிடூ அட்டை ஒன்றில் அப்பா ஒருவர் மகளைப் பார்க்க வந்தவனை மாடிப்படியில் உருட்டி விடுகிறார். அனுப்பியவர் பேனாவால் உருளுகிறவன் தலையிலிருந்து ஒரு அம்புக்குறி இழுத்து, வெள்ளை ஓரத்தில் 'இது நீ' என்று எழுதியிருக்கிறார். அப்பாவின் தலைக்கு மேலே வேறு ஏதோ ஒரு பெயரின் முதலெழுத்து. ஆக, மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். அச்சுக்காரன் பொதுவாகப் போட்ட படத்தை அனுப்பியவர் தன் ஊர்க் கதையாக்கிவிட்டார்.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்தது. பெரிய சிவப்பு எழுத்தில் 23, கீழே 'ஸ்கிடூ உனக்குத்தான்' என்ற பொருளில் ஒரு வரி. அதாவது 'ஓடிப் போ'. கீழே பொடி எழுத்தில் ஓர் அக்கா தம்பிக்கு எழுதியிருக்கிறார். அடுத்த ஞாயிறு கட்டாயம் வா, அம்மா 'பை' (pie) பலகாரம் சுடுகிறாள், ரயில் நேரத்தை எழுதிப் போடு. இடம் முடிந்ததும் எழுத்து அப்படியே திரும்பி ஓரத்தில் ஏறி, தலைகீழாக வந்து 23இன் வயிற்றுக்குள் முடிகிறது. 'போ' என்ற அட்டையில் 'வா' என்று அழைப்பு. ஈரோட்டுத் தம்பி முதலிலேயே சொன்னது இதைத்தான்.

எல்லாமே இப்படி இனிப்பாக இருக்காது. கையெழுத்தே இல்லாத அட்டைகளும் கிடைக்கின்றன. முகவரி மட்டும் கோணல்மாணலாக, வேண்டுமென்றே எழுத்தை மாற்றி எழுதியது போல. அதற்கு ஒரு பழைய பரம்பரை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காதலர் தினத்துக்கு 'வினிகர் வாலன்டைன்' என்று அச்சடித்து விற்றார்கள். பிடிக்காதவர்களின் மூக்கையும் குடியையும் திமிரையும் கேலி செய்து பெயர் போடாமல் அனுப்புவது. ஸ்கிடூ அட்டையில் சில நிச்சயமாக அந்த வேலையைச் செய்திருக்கின்றன. உறை இல்லாத அட்டை வேறு. போஸ்ட்மாஸ்டர் படிப்பார், வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். 'உன்னை யாரோ ஓடச் சொல்கிறார்கள்' என்று தெருவே சொல்லியிருக்கும்.

மறுப்புரை

மசிக்கறை அக்கா, அருமை. ஆனால் தபால்_தாத்தாவிடம் ஒரு கேள்வி. எழுத இடமில்லாததால்தான் வசன அட்டைகள் பிறந்தன என்கிறீர்கள். 1907 மார்ச்சோடு இடம் வந்துவிட்டதே, அப்போது இந்த ரகம் படுத்திருக்க வேண்டாமா? நடந்தது நேர்மாறு. 1909இல் 'ஓ யூ கிட்' வந்தது. 'என் மனைவி மேல் எனக்குப் பிரியம்தான், ஆனாலும்...' என்று கல்யாணமானவன் வேறொருத்தியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற வசனம். அந்த ஒரே ஆண்டில் அதே வசனத்தை வைத்து இரண்டு வெவ்வேறு பாட்டுகள் வெளிவந்தன. அட்டைகளும் குவிந்தன. அவை எல்லாம் கோடு போட்ட அட்டைகள். அவற்றின் இடப் பக்கத்தில் மகாபாரதமே எழுதலாமே?

தபால்_தாத்தா

நல்ல கேள்வி. விதி கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்கள் கதவு மாறியதும் கிளம்பவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து அளவைப் பாருங்கள். 1908 ஜூன் 30ஓடு முடிந்த கணக்கு ஆண்டில் அமெரிக்க அஞ்சலகங்கள் கையாண்ட அஞ்சலட்டைகள் 67,77,77,798 என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். அன்றைய ஜனத்தொகை ஒன்பது கோடிக்குச் சற்றுக் குறைவு. கைக்குழந்தையைச் சேர்த்தாலும் தலைக்கு ஏழுக்கு மேல். கிராமத்து வீட்டு வாசலுக்கே தபால் கொண்டுபோகும் திட்டம் 1902இல் நிரந்தரமானது, அதனால் பண்ணை வீடுகளும் இந்தக் கணக்கில் உண்டு. மருந்துக் கடை, சிகரெட் கடை, ரயில் நிலையம் எங்கும் அட்டை அடுக்கு.

இத்தனை அட்டை விற்க வேண்டுமென்றால் புதுப் புதுச் சரக்கு வேண்டாமா? ஊர்க் காட்சி அட்டைக்குப் போட்டோகிராபரை அனுப்ப வேண்டும், பண்டிகை அட்டைக்குப் பண்டிகை வர வேண்டும். தெருவில் புழங்கும் வசனத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ராயல்டி இல்லை, விளம்பரமும் தேவையில்லை. ஏற்கெனவே ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு சிக்கல், சீக்கிரம் புளித்துவிடும். நல்ல கல்லச்சு (லித்தோகிராபி) வேண்டுமானால் அன்று ஜெர்மனிக்குத்தான் அனுப்புவார்கள். அச்சாகிக் கப்பலில் திரும்பி வருவதற்குள் வசனம் பழசாகிவிடக்கூடும். உள்ளூரில் இரண்டு மூன்று நிறத்தில் அவசர அடி அடித்த வசன அட்டைகள் இவ்வளவு கிடைப்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எழுத இடம் கிடைத்த பிறகும் ஜனங்கள் நிறைய எழுதினார்களா என்றால், மசிக்கறை அக்காதான் சொல்ல வேண்டும்.

மசிக்கறை

எங்கே எழுதினார்கள்! வெற்றிடம் முழுக்க 'இங்கே எல்லோரும் சுகம், உன் அட்டை கிடைத்தது, பதில் போடு' என்பதுதான். வந்த அட்டைக்கு ஒரு அட்டை திருப்பி அனுப்புவதுதான் மரியாதை. பாதிப் பேர் ஆல்பத்தில் வைக்கவே அனுப்பிக்கொண்டார்கள். கோடு போட்டதால் உரைநடை ஒன்றும் வளர்ந்துவிடவில்லை.

கோணவாய்

வசன அட்டை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வேறொரு முகம். முன்பல் ஒன்று இல்லாமல், காது விடைத்து, தலை கலைந்து, அசட்டுச் சிரிப்போடு ஒரு பையன். கீழே 'எனக்கென்ன கவலை?' என்ற பொருளில் ஒரு வரி. அமெரிக்க நகைச்சுவைப் பத்திரிகை 'மேட்' முகப்பில் பார்த்திருப்பீர்கள், ஆல்பிரட் இ. நியூமன். அந்தப் பத்திரிகை உருவாக்கிய பாத்திரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவன் அஞ்சலட்டையிலிருந்து வந்தவன்.

'மேட்' ஆசிரியர் ஹார்வி குர்ட்ஸ்மன் 1954இல் ஒரு பதிப்பக ஆசிரியரின் அறையில், அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த பழைய அஞ்சலட்டையில்தான் இந்த முகத்தைப் பார்த்தார். பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார். 1956இல் ஓவியர் நார்மன் மிங்கோ அதை வண்ணத்தில் வரைந்த பிறகுதான் இன்று நமக்குத் தெரியும் முகம் நிலைத்தது. ஆனால் அதே பல்லில்லாப் பையன் 1890களிலிருந்தே விளம்பரங்களில் இருக்கிறான். வலியில்லாமல் பல் பிடுங்கும் டாக்டர்கள் அவனை வைத்து விளம்பரம் செய்தார்கள், பல் போயும் சிரிக்கிறானே! 1940இல் ரூஸ்வெல்ட் மூன்றாவது முறை அதிபர் தேர்தலில் நின்றபோது அவரை எதிர்த்தவர்கள் இந்த முகத்தைப் போட்டு 'நான் ரூஸ்வெல்ட் பக்கம்தான்' என்று அட்டை அடித்தார்கள். அசடுதான் அவருக்கு ஓட்டுப் போடுவான் என்று குத்தல்.

பிறகு வழக்கு வந்தது. 1914இல் இதே முகத்தை வரைந்து பதிப்புரிமை வாங்கியவரின் மனைவி, பத்திரிகை மேல் கேஸ் போட்டார். 1965இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பத்திரிகை ஜெயித்தது. காரணம்தான் முக்கியம். உரிமைக் குறிப்பு இல்லாமல் அந்த முகம் அத்தனை அட்டைகளில், அத்தனை காலம் சுற்ற உரிமைக்காரர்கள் விட்டுவிட்டார்கள், இனி உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பு. தபால்_தாத்தா சொன்ன 'அனுமதி கேட்க வேண்டாம், ராயல்டி இல்லை' என்ற வியாபாரம் கடைசியில் கோர்ட்டில் போய் நின்ற கதை இது. ஊர் பேர் போடாமல் காப்பியடித்த அட்டைக்காரர்கள் எல்லோரும் தெரியாமலே அந்தப் பத்திரிகைக்குச் சாட்சி சொல்லிவிட்டார்கள்.

ஹட்சன்_கரை

அப்படிப் பார்த்தால் எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. அட்டையிலிருந்து தெருவுக்குப் போன வசனம். முதல் உலகப் போரில் புரூஸ் பேர்ன்ஸ்பாதர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வரைந்த கார்ட்டூன், 1915இல் 'பைஸ்டாண்டர்' பத்திரிகையில் வந்தது. குண்டு விழுந்த குழிக்குள் இரண்டு சிப்பாய்கள், சுற்றிலும் வெடிகள். ஒருவர் புலம்ப, தொங்கு மீசைக்காரர் சொல்கிறார்: 'இதைவிட நல்ல குழி தெரிந்தால் அங்கேயே போ.' அதை அஞ்சலட்டைத் தொடராகவே போட்டு விற்றார்கள். போர்முனையிலிருந்தவர்களுக்கும் வீட்டிலிருந்தவர்களுக்கும் சேர்த்து அது வழக்குச் சொல்லானது. ஸ்கிடூ அட்டையை விட இது எனக்கு ஒரு படி மேல். இதில் சிரிக்கிறவனும் அந்தக் குழிக்குள்தான் இருக்கிறான்.

மறுப்புரை

அதோடு இதை ஒப்பிடுவது நியாயமா? அது ஒரு தேர்ந்த ஓவியரின் வேலை. இது முப்பது நாள் தாங்கினால் போதும் என்று அடித்த சரக்கு. தனக்கான வேலையை அது செய்தது.

ஈரோடு_எக்ஸ்பிரஸ்

முப்பது நாள் தாங்கினால் போதும் என்கிறீர்கள். ஆனால் இந்த வசனத்தின் பெயரில் ஒரு ஊரே இருந்தது என்று எங்கேயோ படித்த நினைவு?

மறுப்புரை

ஆமாம், கலிபோர்னியாவில். டெத் வேலி பாலைவனப் பக்கம் 1906இல் தங்கம் கிடைத்த இடத்தில் ஒரு சுரங்க ஊர் முளைத்தது, பெயர் ஸ்கிடூ. தண்ணீருக்கு டெலஸ்கோப் மலைச்சிகரத்துப் பக்கத்திலிருந்து குழாய் போட்டார்கள், அது சுமார் 23 மைல் என்பதால் பெயர் வந்தது என்று ஒரு பேச்சு. உச்சத்தில் எழுநூறு பேர் வரை இருந்தார்கள். தபால் நிலையம்கூட இருந்தது. 1917இல் சுரங்கம் மூடியது, ஊரும் சொன்னபடியே இடத்தைக் காலி செய்துவிட்டது. தங்கப் பாறையை இடித்த ஆலையின் மரச்சட்டகம் இன்னும் நிற்கிறது, தேசியப் பூங்காவுக்குள். ஸ்கிடூ முத்திரை குத்திய அட்டை எப்போதாவது ஏலத்தில் வந்தால் விலை எகிறும். சேகரிப்பாளர்கள் முத்திரைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள், படத்தில் என்ன இருந்தாலும் சரி.

பழுப்பு_மூலை

இவ்வளவு பேர் வந்து கொட்டுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. அப்புறம், கட்டில் இரண்டு அட்டை மட்டும் சந்தேகமாக இருக்கிறது. படம் பழசு, அட்டை ரொம்பப் பளிச். பிற்காலத்து மறுபதிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தபால்_தாத்தா

முதலில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். தபாலில் போன அட்டைக்குத் தேதி அதுவே சொல்லும். போகாத அட்டை என்றால் இரண்டு வழி.

ஒன்று, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் மாதிரி ஒரு லென்ஸ் எடுத்து நிறமுள்ள இடத்தைப் பாருங்கள். பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியது மாதிரி இருக்கும், ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகத் தெரியும். புள்ளிகள் ஒரே அளவாக, சின்னச் சின்னப் பூ வட்டமாகச் சேர்ந்து நின்றால் அது இந்தக் காலத்து நாலு நிற ஆப்செட். அன்றே சில அட்டைகளில் ஒழுங்கான கறுப்புப் புள்ளி உண்டு, அதை வைத்து மட்டும் தள்ளிவிடாதீர்கள். பூ வட்டம்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு, யு.வி. டார்ச். ரூபாய் நோட்டுப் பார்க்க விற்கிறார்களே, அதே போதும். 1950 வாக்குக்குப் பிறகு காகிதத்தில் வெண்மை கூட்ட ஒரு ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். இருட்டில் டார்ச் அடித்தால் நீலமாக ஜொலிக்கும். 1906 அட்டை மங்கலாகவே கிடக்கும்.

அதற்காக ரொம்பப் பயப்படவும் வேண்டாம். சாதாரண ஸ்கிடூ அட்டை சில டாலருக்கே கிடைக்கிறது. அதைப் போலியாக அடித்து யாரும் மாடி வீடு கட்ட முடியாது. பார்க்கப் போனால் நினைவுப்பொருள் கடைக்காகப் பகிரங்கமாகவே மறுபதிப்புச் செய்தவைதான் அதிகம்.

பழுப்பு_மூலை

டார்ச் அடித்தேன். ஒன்று ஜொலிக்கிறது, ஒன்று இல்லை. ஜொலிக்கிறதைக் கொடுத்தவரிடம் பேசிக்கொள்கிறேன். கடைசியாகத் தோல் அட்டை. நாலு ஓரத்திலும் வரிசையாகப் பொடிப் பொடி ஓட்டை, ஒரு பக்கம் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூச்சி அரித்ததா? மதிப்புப் போய்விடுமா?

மசிக்கறை

பூச்சி இல்லை, ஊசி! வந்த தோல் அட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துத் தலையணை உறையாக்குவது அன்றைய வழக்கம். சுவரில் மாட்டவும் செய்தார்கள். உங்கள் அட்டை அப்படி ஒரு உறையிலிருந்து பிரிந்து வந்தது. தபால் இலாகாவுக்கு இந்தத் தோல் அட்டை ஆகவே ஆகாது, முத்திரை குத்தும் இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். 1907இல் தடையே போட்டார்கள். ஆகவே உங்களுடையது அநேகமாக அதற்கு முந்தியது.

ஓட்டை இருந்தால் கொஞ்சம் விலை குறைவு என்று விற்பவர்கள் சொல்வார்கள். நான் கூடுதல் கொடுத்து வாங்குவேன். நூல் பிசிறைப் பிடுங்காதீர்கள், எண்ணெய் கிண்ணெய் தடவாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாதீர்கள், தோல் வேர்த்துக் கறுக்கும். அமிலமில்லாத காகிதத்தில் தளர்வாகச் சுற்றி வைத்தால் போதும். முழுத் தலையணை உறை எங்காவது கண்ணில் பட்டால் தயவுசெய்து பிரித்து விற்காமல் முதலில் எனக்குத் தனிமடல் போடுங்கள்.

ஈரோடு_எக்ஸ்பிரஸ்

'வெளியே போ' என்று எழுதிய தலையணையில் விருந்தாளியைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரம்மாவைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும்.